குறி தவறவில்லை, பலகைதான் தவறியது!

(“வெற்றிக்குக் காரணம் கருவியா, கைத்திறனா?” என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நேரமின்மையால் விடுபட்ட நிறைவுரை. நிகழ்ச்சி நெறியாளர் நம் வாசகர்களுக்காக எழுத்தில் தருகிறார்.)



கருத்தரங்கைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். இரண்டு அணிகளும் விட்டுக்கொடுக்காமல் வாதிட்டன. நல்ல கருவி இல்லாமல் இந்தக் காலத்தில் எதுவும் நடக்காது என்றார் ஓர் இளையர். கருவி எல்லாரிடமும்தான் இருக்கிறது, கை வேண்டாமா என்று கேட்டார் சமையல் தொழிலில் முப்பது ஆண்டு கண்ட பெரியவர் ஒருவர். கைதட்டல் இருபக்கமும் சமமாகத்தான் விழுந்தது.

முடியும் நேரத்தில் கடைசி வரிசையில் இருந்த ஒரு தாயார் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

“தம்பி, என் மகனுக்கு எல்லா விடையும் தெரியும். பென்சிலால் வட்டத்தைக் கறுப்பாக்கும் விடைத்தாளில் ஒரு கேள்வியை விட்டுவிட்டான். அதற்குப் பிறகு எல்லா விடையையும் ஒரு வரிசை தள்ளித் தள்ளிக் குறித்துவிட்டான். அவனுக்குத் திறன் இல்லையா? பென்சில் சரியில்லையா? இதற்கு இரண்டு அணியும் என்ன சொல்லும்?”

அரங்கம் அமைதியாகிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டினார். நிகழ்ச்சி முடிந்தது. அந்த அம்மாவுக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். அதைத் தேடிப் போனபோது கிடைத்ததுதான் 1874ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஒரு துப்பாக்கி சுடும் போட்டியின் கதை.

துப்பாக்கி என்றதும் போரையும் கொலையையும் நினைக்க வேண்டாம். இது நெடுந்தூர இலக்கைச் சுடும் விளையாட்டு. தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி இதில் கிடையாது. குழாயின் முன்னால் ஒரு சிறு இரும்பு முனை, பின்னால் ஒரு சிறு துளை. நடுவில் மனிதனின் வெறுங்கண். அவ்வளவுதான்.

அயர்லாந்து விடுத்த சவால்

பிரிட்டனில் தேசிய ரைஃபிள் சங்கம் 1859ல் அமைந்தது. 1860 ஜூலையில் லண்டனை அடுத்த விம்பிள்டன் திடலில் அதன் முதல் போட்டி நடந்தது. தொடங்கிவைத்தவர் விக்டோரியா மகாராணியார். 400 கஜத் தூரத்தில் இருந்த இலக்கை நோக்கி ஒரு விட்வொர்த் துப்பாக்கியைத் தாங்கியில் அசையாமல் பொருத்தியிருந்தார்கள். மகாராணியார் அதன் கயிற்றை இழுத்தார். குண்டு இலக்கின் மையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம் தள்ளிப் பாய்ந்தது. கருவி அணியினர் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். மனிதக் கை படாவிட்டால் துப்பாக்கி எவ்வளவு நேராகச் சுடும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

அங்கே 1862ல் எல்கோ கேடயம் என்ற போட்டி தொடங்கியது. தூரம் 800, 900, 1000 கஜம். முதலில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. அயர்லாந்து பிறகு சேர்ந்தது. 1873ல் அயர்லாந்து முதன்முறையாகக் கேடயத்தை வென்றது. அந்த உற்சாகத்தில் அணியின் மேஜர் ஆர்தர் லீச், நியூயார்க் ஹெரால்ட் நாளிதழ் வழியாக அமெரிக்கர்களுக்குச் சவால் விடுத்தார். எங்களோடு சுட்டுப் பாருங்கள் என்பதுதான் செய்தி.

அமெரிக்காவின் நிலை என்ன? அங்கே தேசிய ரைஃபிள் சங்கம் பிறந்தது 1871ல்தான். உள்நாட்டுப் போரில் வீரர்கள் சுட்டது போதாது என்று கவலைப்பட்ட வில்லியம் சர்ச், ஜார்ஜ் விங்கேட் இருவரும் அதைத் தொடங்கினார்கள். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கிரீட் என்ற குடும்பத்தின் பண்ணை நிலத்தை வாங்கிச் சுடுதளம் அமைத்தார்கள். அதற்குக் கிரீட்மோர் என்று பெயர். முதல் போட்டிகள் 1873ல் நடந்தன. ஆயிரம் கஜம் சுட்டுப் பழகியவர்கள் அங்கே இல்லை என்றே சொல்லலாம். அதற்கேற்ற துப்பாக்கியும் இல்லை. ஆனாலும் நியூயார்க்கின் அமெச்சூர் ரைஃபிள் கழகம் சவாலை ஏற்றுக்கொண்டது.

இரண்டு கருவிகள்

இங்கேதான் நம் கருத்தரங்கின் தலைப்பு வருகிறது. அணிக்கு ஆறு பேர். ஒவ்வொரு தூரத்திலும் ஒருவருக்கு 15 குண்டுகள். துப்பாக்கியின் எடை 10 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. தொலைநோக்கிக்குத் தடை. அமெரிக்கர்கள் அமெரிக்கத் தயாரிப்பையும் அயர்லாந்தினர் டப்ளின் ரிக்பி நிறுவனத் துப்பாக்கியையும் பயன்படுத்த வேண்டும்.

ரிக்பி பழைய முறைத் துப்பாக்கி. குழாயின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் இறக்க வேண்டும். நேரம் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு குண்டையும் ஒரே மாதிரி, பதமாக இறக்கலாம். நெடுந்தூரத்துக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை என்பது அன்றைய வல்லுநர்கள் பலரின் நம்பிக்கை. அமெரிக்கர்களிடம் இருந்தவை ரெமிங்டனும் ஷார்ப்ஸும். பின்பக்கம் திறந்து குண்டு நிரப்பும் புதிய முறை. இந்தப் போட்டிக்காகவே இரண்டு நிறுவனங்களும் நெடுந்தூரத் துப்பாக்கிகளை உருவாக்கின.

அயர்லாந்து அணியில் சுட்டவர்களில் ஒருவர் ஜான் ரிக்பி. துப்பாக்கியைச் செய்தவரே அவர்தான். அமெரிக்க அணியில் சுட்ட எல். எல். ஹெப்பர்ன் ரெமிங்டன் தொழிற்சாலையைச் சேர்ந்தவர். கருவியைச் செய்த கையே விசையையும் அழுத்தியது! இப்படிப்பட்டவர்களை எந்த அணியில் உட்கார வைப்பது? இரண்டு அணியும் இழுத்துக்கொள்ளும்.

கண்ணுக்கு வரும் சோதனை

ஆயிரம் கஜம் என்பது 914 மீட்டர். தேக்கா சந்தையில் நின்றுகொண்டு சிராங்கூன் சாலை வழியே ஏறக்குறைய பெருமாள் கோயில் வரை பார்ப்பது போல. அங்கே 6 அடி உயரம், 12 அடி அகலத்தில் ஓர் இரும்புத் தகடு. அதன் நடுவில் 3 அடிக்கு 3 அடி சதுரம். அதில் பட்டால் 4 புள்ளி. அதைச் சுற்றியுள்ள சதுரத்தில் பட்டால் 3. ஓரங்களில் பட்டால் 2. கையை நீட்டிப் பிடித்து அந்த நடுச் சதுரத்தை அளந்தால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். ஊசிமுனை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முன்குறிக்கும் பின்துளைக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கஜம். இலக்கோ ஆயிரம் கஜத்துக்கு அப்பால். ஆகவே துளையின் மையத்தில் நிற்க வேண்டிய முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், குண்டு அங்கே ஒரு மீட்டர் விலகிப் போகும். மாறாக, முன்குறியும் துளையும் ஒழுங்காக இருந்து துப்பாக்கி முழுவதும் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால், குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். குறியில் செய்யும் பிழையை அந்தத் தூரம் ஆயிரம் மடங்காக்கிவிடும்.

கண்ணுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதனால் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். இலக்கைத் தெளிவாகப் பார்த்தால் முன்குறி மங்கும். முன்குறியைத் தெளிவாகப் பார்த்தால் இலக்கு மங்கும். தேர்ந்தவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் தெரியுமா? முன்குறியைத்தான்! பறவையின் கண் மட்டும் தெரிகிறது என்று அர்ஜுனன் சொன்ன கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த விளையாட்டில் அந்தப் பாடம் தலைகீழ். எதை அடைய வேண்டுமோ அது புகைபோல் மங்கித் தெரியும். கையருகே இருப்பது மட்டும் தெளிவாக இருக்கும். தேசிய சேவையில் எம்16 பிடித்த அண்ணன்மாருக்கு இது சொல்லாமலே புரியும். பயிற்றுநர் காதருகே கத்தியது அதைத்தானே?

பிறகு காற்று. அன்றைய கரும்வெடிமருந்துக் குண்டு ஆயிரம் கஜத்தைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். அது நேர்க்கோட்டில் போவதில்லை. பல அடி உயரம் எழும்பி வளைந்து இறங்கும். அந்த மூன்று விநாடிக்குள் காற்று மாறினால் குண்டும் மாறும். கொடி அசைவதைப் பார்த்துப் பின்குறியைத் திருகித் திருகிச் சரிசெய்வார்கள். படுத்தபடி சுடுவார்கள். சிலர் மல்லாந்து படுத்து, கால்மேல் துப்பாக்கிக் குழாயைத் தாங்கிச் சுடுவதும் உண்டு.

இதில் கவனியுங்கள். இலக்கு மங்கித் தெரிகிறது. அதன் பக்கத்திலேயே அதைப் போலவே இன்னோர் இலக்கு இருக்கிறது. ஆபத்து எங்கிருந்து வரும் என்று இப்போது புரிந்திருக்கும்.

1874 செப்டம்பர் 26

போட்டி நாள் வந்தது. கிரீட்மோரில் ஆயிரக்கணக்கில் கூட்டம். முதல் தூரமான 800 கஜத்தில் அமெரிக்கா 326 புள்ளி, அயர்லாந்து 317. சவால் விட்டவர்களுக்கு அதிர்ச்சி. வித்தியாசம் 9.

அடுத்து 900 கஜம். அயர்லாந்து நிதானத்துக்கு வந்தது. 312க்கு 310 என்று அந்தத் தூரத்தை வென்றது. ஆனால் அங்கேதான் அது நடந்தது. ஜே. கே. மில்னர் என்ற அயர்லாந்து வீரர் குறிபார்த்தார், சுட்டார். குண்டு நடுச் சதுரத்தில் பட்டது. நான்கு புள்ளிக்குரிய சுடுதல். ஆனால் அது அவருடைய பலகை அல்ல, பக்கத்துப் பலகை! விதிப்படி அது சுழியம். விசையும் மூச்சும் காற்றுக் கணக்கும் சரிதான். பலகை மட்டும் தவறு.

கடைசித் தூரம் 1000 கஜம். இதையும் அயர்லாந்துதான் வென்றது, 302க்கு 298. அயர்லாந்தினர் சுட்டு முடித்தபோது அவர்களின் மொத்தம் 931. அமெரிக்காவின் மொத்தம் 930. மீதி இருந்தது ஒரே ஒரு குண்டு. சுட வேண்டியவர் கர்னல் ஜான் போடைன்.

அந்த நேரத்தில் அவர் கையில் இருந்த ஜிஞ்சர் பியர் புட்டி வெடித்துக் கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் வழிந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு போடைன் படுத்தார். இலக்கைத் தொடாவிட்டால் ஒரு புள்ளியில் தோல்வி. எங்கு பட்டாலும் வெற்றி. அவர் சுட்டார். நடுச் சதுரம்! நான்கு புள்ளி. அமெரிக்கா 934, அயர்லாந்து 931.

கணக்குப் புத்தகம் சொல்லும் உண்மை

வரலாறு போடைனைத் தலையில் வைத்துக்கொண்டாடியது, அதில் தவறில்லை. ஆனால் நேயர்களே, புள்ளிப் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். நான் பார்த்தபோது சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

மில்னர் இழந்தது 4 புள்ளி. அயர்லாந்து தோற்றது 3 புள்ளியில். அந்தக் குண்டு சரியான பலகையில் பட்டிருந்தால் 935க்கு 934. அயர்லாந்து ஒரு புள்ளியில் வென்றிருக்கும்.

அன்று மில்னரின் மொத்தப் புள்ளி 154. போடைனின் மொத்தப் புள்ளி 158. தவறிய அந்த 4 புள்ளியை மில்னருக்குச் சேர்த்துப் பாருங்கள். 158! வீரர் என்று பெயர் வாங்கியவரும் பலகை மாற்றிச் சுட்டவர் என்று பெயர் வாங்கியவரும் அன்று சுட்டதில் எள்ளளவும் வித்தியாசம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு சுழியத்தை வாங்கிக்கொண்டும் மில்னர் தம் அணியில் இருவரைவிட அதிகம் எடுத்திருக்கிறார். ஜான்சனுக்கு 150, வாக்கருக்கு 144. பிழைக்குப் பிறகு அவர் கை நடுங்கி உடைந்துபோகவில்லை என்பதைத்தான் அந்த எண்கள் காட்டுகின்றன. மீதிக் குண்டுகளை ஒன்றொன்றாகச் சுட்டு முடித்தார்.

கருவியா கைத்திறனா என்ற கேள்விக்கும் இந்தப் பட்டியலில் பதில் இருக்கிறது. புதிய கருவி 800 கஜத்தில் வென்றது. பழைய கருவி 900லும் 1000லும் வென்றது. 1080 புள்ளிக்கு 3 புள்ளி வித்தியாசம். இதை வைத்துக்கொண்டு எந்தக் கருவி உயர்ந்தது என்று யார் தீர்ப்புச் சொல்ல முடியும்?

தோற்றவர்கள் செய்தது

அயர்லாந்தினர் சண்டை போடவில்லை. சுழியத்தைத் திருத்தச் சொல்லவும் இல்லை. அந்தப் பயணத்தின்போது மேஜர் லீச் அமெரிக்கக் கழகத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பையைப் பரிசளித்தார். லீச் கோப்பை என்ற பெயரில் அமெரிக்காவில் இன்றும் அதற்காகப் போட்டி நடக்கிறது. மறு ஆண்டு, 1875ல், டப்ளினை அடுத்த டாலிமவுண்டில் மறுபோட்டி. அதிலும் அமெரிக்காவே வென்றது, 967க்கு 929. அதில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. 1876ல் அமெரிக்கா, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, கனடா ஐந்தும் கிரீட்மோரில் மோதின. அதற்கான கோப்பையில் பொறித்திருந்த சொல் பால்மா. அந்தப் பெயரிலேயே உலகப் போட்டி இன்றும் நடக்கிறது. அதே 800, 900, 1000 கஜம். அதே தொலைநோக்கி இல்லாத குறி. பலகை மாற்றிச் சுட்டால் இன்றும் அது சுழியம்தான்.

ஜான் ரிக்பி என்ன ஆனார்? வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்குப் பெயர்போன அவர், 1887ல் பிரிட்டிஷ் அரசின் என்ஃபீல்ட் துப்பாக்கித் தொழிற்சாலைக்கே பொறுப்பாளரானார். காலத்தோடு மாறத் தெரிந்தவர்.

கிரீட்மோர் சுடுதளம் நிலைக்கவில்லை. அரசின் ஆதரவு குறைந்தது. 1890ல் நிலம் மாநிலத்தின் கைக்குத் திரும்பியது. 1912ல் அங்கே மனநல மருத்துவமனை எழுந்தது. பெயர் மட்டும் வாழ்கிறது. 2007ல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ரைஃபிள் தோட்டாவுக்கு கிரீட்மோர் என்றே பெயர் வைத்தார்கள்.

நம் வட்டாரத்துக்கும் இந்தக் கலை புதிதல்ல. தூரம் குறைவு, நுட்பம் அதேதான். ஒலிம்பிக், காமன்வெல்த் ரைஃபிள் போட்டிகளிலும் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி கிடையாது, துளையும் முன்குறியும்தான். சிங்கப்பூரின் ஜாஸ்மின் சேர் 2014ல் கிளாஸ்கோவில் 50 மீட்டர் ரைஃபிளில் தங்கம் வென்றது அப்படித்தான். 2018ல் கோல்ட் கோஸ்டில் மார்ட்டினா வெலோசோ இரண்டு தங்கம் வென்றதும் அப்படித்தான். மலேசியாவின் நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நின்று சுட்டதை மறக்க முடியுமா?

அந்த அம்மாவுக்கு என் பதில்

அம்மா, உங்கள் மகன் செய்ததற்கும் மில்னர் செய்ததற்கும் வித்தியாசம் இல்லை. விடை சரி, வரிசை தவறு. குறி சரி; பலகை தவறு. இதற்குக் கருவி அணியிலும் விடை இல்லை, கைத்திறன் அணியிலும் விடை இல்லை. இரண்டும் சரியாக இருக்கும்போதும் மனிதனுக்கு வரும் பிழை இது. கையருகே இருப்பதில் முழுக் கவனம் வைத்தவனுக்குத்தான் இது வரும். அலட்சியக்காரனுக்கு வருவது வேறு பிழை.

எனக்கும் வந்திருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொதுத்தொடர்பியல் பட்டயம் வாங்கிய கையோடு முதல் நேரலை. ஒரு சொல் பிசகாமல், உச்சரிப்பு பிசகாமல் பேசி முடித்தேன். பேசியது முழுவதும் தவறான கேமராவைப் பார்த்து! வீட்டில் இருந்தவர்கள் பார்த்தது என் இடது காதை. நிகழ்ச்சி முடிந்ததும் தயாரிப்பாளர் அக்கா திட்டவில்லை. “நல்லாப் பேசினே. அடுத்த தடவை வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி சிவப்பு விளக்கு எதுல எரியுதுன்னு பாரு,” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை முதலில் விளக்கைத்தான் பார்க்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். விதி இரங்காது. மில்னருக்கு அந்த நான்கு புள்ளியை யாரும் திருப்பித் தரவில்லை. உங்கள் மகனுக்கும் மதிப்பெண் திரும்பி வராது. அது நியாயம்தானா என்று நாம் வாதிடலாம், பட்டியல் மாறாது. ஆனால் அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பது நம் கையில் இருக்கிறது. சுழியத்தை மட்டும் பார்க்கலாம். சுழியத்துக்குப் பிறகும் எழுதிய 154ஐயும் பார்க்கலாம்.

ஆகவே அவனிடம் “உனக்குக் கவனமே இல்லை” என்று சொல்லாதீர்கள். அது உண்மையும் அல்ல. விசையை அழுத்துவதற்கு முன் ஒரு முறை தலையைத் தூக்கிப் பலகையின் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்துக் கேள்விக்கு ஒரு முறை போதும். மற்றபடி அவன் கை நல்ல கைதான், அம்மா.

மீண்டும் அடுத்த கருத்தரங்கில் சந்திப்போம். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு இனி முதலில் ஒலிவாங்கி தருவதென்று முடிவு செய்திருக்கிறேன். வணக்கம்.